ஊர்க்கடையில் கியர் சைக்கிள்: நியாயமான விலை பேசி வாங்க முழுமையான வழிகாட்டி

கடைக்குள் நுழைந்ததும் "கடைசி விலை எவ்வளவுண்ணே?" என்று கேட்பவருக்குப் பெரும்பாலும் நல்ல விலை கிடைப்பதில்லை. எந்த மாடல், என்ன சைஸ், எது எது சேர்த்தி என்று முடிவாகாத நேரத்தில் சொல்லப்படும் தொகைக்கு அர்த்தம் கிடையாது. கடைக்காரரும் பின்னால் ஏற்றிக்கொள்ள இடம் வைத்துத்தான் சொல்வார். வாய் சாமர்த்தியத்தைவிட, எதை முதலில் பேசுவது, எதைக் கடைசியில் பேசுவது என்ற வரிசைதான் இங்கே காசை மிச்சப்படுத்தும்.

12,000 முதல் 30,000 ரூபாய் வரையுள்ள கியர் சைக்கிளை, பல கம்பெனி சைக்கிள்கள் விற்கும் உள்ளூர்க் கடையில் வாங்குபவர்களுக்கானது இது. டெக்கத்லான் மாதிரி ஒரே விலை போட்டு விற்கும் இடங்களில் பேரம் கிடையாது. ஆனால் அங்கே எழுதியிருக்கும் விலை, ஊர்க்கடையில் பேசும்போது நல்ல அளவுகோல்.

நியாயமான விலை என்று இங்கே சொல்வது சைக்கிளின் விலையை மட்டும் அல்ல. சைக்கிள், ஒழுங்கான ஃபிட்டிங், தேவையான சாமான்கள், இரண்டு சர்வீஸ், பில் ஆகிய ஐந்தும் கைக்கு வர ஆகும் மொத்தத் தொகை அது. இதில் புதியவர்கள் கண்டுகொள்ளாமல் விடுவது ஃபிட்டிங். 500 ரூபாய் குறைத்து வாங்கி, அவசரமாக முடுக்கிய சைக்கிளை ஓட்டிக்கொண்டு போனால், சில மாதங்களில் அதைவிட அதிகமாகவே செலவு வைக்கும்.

1. கடைக்குப் போகும் முன் தயாராக வைத்திருக்க வேண்டியவை

உள்கால் அளவு: செருப்பைக் கழற்றிச் சுவரில் முதுகு படும்படி நில்லுங்கள். ஒரு தடிமனான அட்டைப் புத்தகத்தைக் கால்களுக்கு நடுவில், சைக்கிள் சீட்டில் உட்கார்ந்தால் எப்படி அழுத்துமோ அப்படி மேலே அழுத்திப் பிடியுங்கள். தரையிலிருந்து புத்தகத்தின் மேல் விளிம்பு வரை எத்தனை சென்டிமீட்டர் என்று இன்னொருவரை அளக்கச் சொல்லுங்கள். தானே குனிந்து அளந்தால் அளவு தப்பும்.

இரண்டு தொகைகள்: சைக்கிளுக்கு மட்டும் எவ்வளவு, எல்லாம் சேர்த்து எவ்வளவு என்று தனித்தனியாக எழுதிக்கொள்ளுங்கள். 20,000 ரூபாய்தான் மொத்தம் என்றால், 18,000க்கு மேல் சைக்கிள் பார்க்கக் கூடாது. ஹெல்மெட், பூட்டு, விளக்கு எல்லாம் அந்த மிச்சத்தில்தான் வர வேண்டும்.

இதோடு மூன்று மாடல்களின் பெயர், கம்பெனியின் இணையதளத்தில் உள்ள எம்ஆர்பி, முன்பணத்துக்கு 1,000 அல்லது 2,000 ரூபாய், ஒரு சின்ன நோட்டு. நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு பேசுவதே ஒரு பலம். நாலு கடை விசாரித்தவர் என்று கடைக்காரருக்குச் சொல்லாமலே தெரிந்துவிடும்.

2. விலைக்கு முன்னால் சைஸ்

"26 இன்ச் சைக்கிள்" என்று கடையில் சொல்வது சக்கரத்தின் அளவு. உங்களுக்குப் பொருந்த வேண்டியது ஃப்ரேமின் அளவு. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதுதான் மிக அதிகமாக நடக்கும் தவறு. ஒரே 26 இன்ச் சக்கரத்தில் 16, 18, 20 இன்ச் ஃப்ரேம்கள் வரும்.

மலைச்சைக்கிள் வகைக்கு, உள்கால் அளவை சென்டிமீட்டரில் எடுத்து 0.226 ஆல் பெருக்கினால் ஏறக்குறைய எத்தனை இன்ச் ஃப்ரேம் என்று வரும். 78 செ.மீ. என்றால் 17.6. ஆகவே 17 அல்லது 18 இன்ச் பார்க்கலாம். கணக்கு எப்படி இருந்தாலும், சைக்கிளின் மேல்கம்பிக்குக் குறுக்கே இரண்டு காலும் தரையில் ஊன்றி நின்று பாருங்கள். கம்பிக்கும் உடம்புக்கும் நடுவில் மலைச்சைக்கிளில் 5 செ.மீ., ஹைபிரிட் (சாலைச் சைக்கிளுக்கும் மலைச்சைக்கிளுக்கும் நடுவான வகை) சைக்கிளில் 2 முதல் 3 செ.மீ. இடைவெளி வேண்டும்.

இதை ஏன் பேரத்துக்கு முன்னால் வைக்கிறோம் என்றால், கடையில் அதிகத் தள்ளுபடி பெரும்பாலும் விற்காமல் நிற்கும் சைஸுக்குத்தான். "இந்த சைஸ்ல எடுத்தா 1,500 குறைச்சுத் தரேன்" என்பது உங்களுக்குப் பொருந்தாத சைக்கிளாக இருந்தால், அந்த 1,500 முழங்கால் வலியாகத் திரும்பி வரும். பிள்ளைகளுக்கு வாங்கும்போது "வளர்ந்துடுவான், பெருசாவே எடுத்துக்கலாம்" என்று எடுப்பதும் இதே தவறுதான். கால் எட்டாத சைக்கிளில் பிரேக் போட்டதும் பிள்ளை சாய்ந்து விழும்.

3. விலை விசாரிப்பு: எதை எதோடு ஒப்பிடுவது

குறைந்தது மூன்று விலைகள் வேண்டும்: கம்பெனி எம்ஆர்பி, இணையத்தில் விற்கும் விலை, இன்னொரு ஊர்க்கடை விலை. சென்னைக்காரர்களுக்கு ரத்தன் பஜார் பக்கம் ஒரு நடை போனால் ஒரே காலையில் நாலைந்து கடை விசாரித்துவிடலாம். மற்ற ஊர்களில் இரண்டு கடை போதும்.

இணைய விலையை அப்படியே கொண்டுபோய் நீட்டாதீர்கள். இணையத்தில் வாங்கினால் சைக்கிள் பெட்டியில் வரும். முன்சக்கரம், ஹேண்டில்பார், பெடல், சீட் எல்லாம் கழற்றியபடி இருக்கும். பெட்டியில் "85% ஃபிட்டிங் முடிந்தது" என்று எழுதியிருந்தாலும், மிச்சமுள்ள 15 சதவீதத்தில்தான் பிரேக்கும் கியரும் இருக்கின்றன. அதைக் கடையில் கொண்டுபோய்ப் பூட்டச் சில நூறு ரூபாய் ஆகும். அதைக் கூட்டிய பிறகுதான் ஒப்பிட வேண்டும்.

வரி விஷயம் ஒன்றை நிச்சயம் பாருங்கள். சைக்கிளுக்கும் அதன் பாகங்களுக்கும் ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. அதற்கு முன் அச்சடித்த ஸ்டிக்கரோடு ஒரு சைக்கிள் கடையில் நின்றால், பழைய எம்ஆர்பியை வைத்துப் பேரத்தைத் தொடங்கக் கூடாது. 20,000 என்று போட்டிருந்தால் அதில் அசல் 17,857. புது வரியோடு 18,750தான் வர வேண்டும். அந்த 1,250 ரூபாயைக் குறைத்துவிட்டு "உங்களுக்காகப் பெரிய தள்ளுபடி" என்று யாராவது சொன்னால், தள்ளுபடி இன்னும் ஆரம்பிக்கவே இல்லை என்று அர்த்தம்.

ஒரு கடையின் விலையை இன்னொரு கடையோடு ஒப்பிடும்போது எல்லாவற்றையும் கூட்டுங்கள். எம்ஆர்பி 18,500 உள்ள ஒரு சைக்கிளை உதாரணமாக எடுத்துக்கொள்வோம்.

முதல் கடை 17,500 சொல்கிறது. ஆனால் ஃபிட்டிங் 500, ஸ்டாண்டு 250, மட்கார்டு 350, பூட்டு 250 தனி. மொத்தம் 18,850.

இரண்டாவது கடை 18,200 சொல்கிறது. ஃபிட்டிங், ஸ்டாண்டு, மட்கார்டு, பூட்டு எல்லாம் அதற்குள். இரண்டு சர்வீஸும் இலவசம்.

வாய்விலையில் முதல் கடை 700 ரூபாய் மலிவு. கையில் வரும்போது 650 ரூபாய் கூடுதல். நோட்டில் எழுதாமல் மனக்கணக்கில் போகிறவர்கள் ஏறக்குறைய எல்லோரும் முதல் கடையில்தான் போய் மாட்டுகிறார்கள்.

4. கடைக்காரரின் கணக்கு

பேரத்தில் எங்கே இடம் இருக்கிறது என்று தெரிந்தால்தான் சரியான இடத்தில் கேட்க முடியும். பெயர் பெற்ற கம்பெனியின் புது மாடல் சைக்கிளில் கடைக்கு நிற்கும் லாபம் குறைவு. பூட்டு, மட்கார்டு, விளக்கு, பாட்டில் ஸ்டாண்டு மாதிரி சில்லறைச் சாமான்களில் லாபம் விகிதத்தில் அதிகம். சர்வீஸில் போவது மெக்கானிக்கின் நேரம் மட்டும்.

அதனால் 500 ரூபாய் ரொக்கமாகக் குறைக்கச் சொன்னால் "கட்டுப்படியாகாதுங்க" என்று வரும். அதே 500 ரூபாய்ச் சாமானாகக் கேட்டால் தலையாட்டுவார். உங்களுக்கு 500 ரூபாய் மதிப்பு, அவருக்கு அடக்க விலை அதைவிடக் குறைவு. இரண்டு பேருக்கும் நஷ்டமில்லாத இடம் இதுதான்.

ரொக்கம் குறைக்க உண்மையிலேயே இடமுள்ள சைக்கிள்களும் உண்டு: போன வருட மாடல், ஒரே ஒரு நிறம் மட்டும் மிச்சமிருப்பது, வாசலில் காட்சிக்கு நிறுத்தியது. புது மாடலில் எம்ஆர்பியிலிருந்து நூற்றுக்கு ஐந்து குறைந்தாலே நல்ல விலை என்று வைத்துக்கொள்ளலாம். காட்சி சைக்கிளில் நூற்றுக்குப் பத்து, பதினைந்து கேட்பதில் தப்பில்லை. ஆனால் வெயிலில் நின்ற சைக்கிளின் டயர் ஓரத்தை விரலால் மடக்கிப் பாருங்கள். தலைமுடி மாதிரி மெல்லிய வெடிப்புகள் தெரிந்தால் இரண்டு டயரையும் மாற்றித் தரச் சொல்ல வேண்டும். செயினில் துரு ஏறியிருந்தால் அதுவும் அப்படித்தான். அடக்கம் பார்த்து அவர் மறுத்தால், அந்தச் சைக்கிளை விட்டுவிடலாம்.

5. எப்போது போவது

வார நாளில், முற்பகலில். ஞாயிறு மாலை கடையில் கூட்டம் நெரியும், மெக்கானிக்குக்கு வரிசையாக வேலை நிற்கும், உங்களோடு உட்கார்ந்து பேச யாருக்கும் பொழுதிருக்காது. கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் மே கடைசி, ஜூன் வாரங்களிலும் போகாதீர்கள். கேட்கிற விலைக்கு ஆள் வரிசையில் நிற்கும்போது யாரும் இறங்கி வர மாட்டார்கள். அந்த நாட்களில் ஃபிட்டிங்கும் அவசரமாகத்தான் நடக்கும்.

கடை திறந்ததும் முதல் ஆளாகப் போனால் போணிக்காக விலை கொஞ்சம் இறங்குவது உண்மை. ஆனால் வாங்கும் முடிவோடு போகிற நாளில் மட்டும் அப்படிப் போங்கள். போணி நேரத்தில் அரைமணி பேரம் பேசிவிட்டு வெறுங்கையோடு இறங்கினால், அடுத்த முறை அந்தக் கடையில் உங்களுக்கு நல்ல விலை வராது.

6. பேச்சு: எதை அடுத்து எதைக் கேட்பது

முதலில் சைக்கிளைப் பற்றி மட்டும் பேசுங்கள். "அண்ணே, இந்த மாடல்ல 18 இன்ச் ஃப்ரேம் இருக்கா? எந்த வருஷத்து ஸ்டாக்?" இந்த ஒரு கேள்வியிலேயே விவரம் தெரிந்து வந்தவர் என்று புரிந்துவிடும்.

பிறகு, "ஃபிட்டிங் எல்லாம் சேர்த்து, ஓட்டிட்டுப் போற மாதிரி கையில கொடுக்கற விலை என்ன?" என்று கேளுங்கள். "விலை என்ன" என்று கேட்டால் பெட்டியின் விலை வரும். "கையில கொடுக்கற விலை" என்று கேட்டால் எல்லாம் சேர்ந்து வரும். இந்த வாக்கியத்தை மட்டும் மாற்றாமல் எல்லாக் கடையிலும் அப்படியே கேளுங்கள். அப்போதுதான் ஒப்பிட முடியும்.

அவர் ஒரு தொகை சொன்னதும் பதிலுக்குத் தொகை சொல்லாதீர்கள். நோட்டில் எழுதிக்கொண்டு, "இதுல என்னென்ன சேர்த்தி?" என்று கேளுங்கள். அவர் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாக எழுதுங்கள். சொல்லாமல் விட்டது எது என்று அப்போது தெரியும்.

இனிமேல்தான் பேரம். உங்கள் தொகையை ஒரு முறை, காரணத்தோடு சொல்லுங்கள். "இன்னொரு கடையில ஸ்டாண்டு, மட்கார்டோட 18,200 சொன்னாங்க. நீங்க வீட்டுக்குப் பக்கம், சர்வீஸுக்கு இங்கதான் வருவேன். 18,000க்குப் பண்ணிக் கொடுங்கண்ணே." சொல்லிவிட்டுப் பேசாமல் இருங்கள். பலரும் அந்த ஐந்து வினாடி மௌனத்தைத் தாங்காமல் தாங்களே "சரி, 18,200ன்னா ஓகே" என்று ஏறிவிடுகிறார்கள்.

அவர் மறுத்தால் சாமானுக்குத் திரும்புங்கள்: "விலையை விடுங்க, அதே 18,200க்கு ஒரு விளக்கும் மூணாவது சர்வீஸும் சேர்த்துக் கொடுங்க." அதற்கும் இல்லை என்றால், அவர் சொன்னதுதான் அந்தக் கடையின் விலை. இரண்டு முறைக்கு மேல் இழுக்க வேண்டாம்.

செய்யக் கூடாத மூன்று: சைக்கிளைக் குறை சொல்லி விலை குறைக்கப் பார்ப்பது, வேறு கடை சொல்லாத விலையைச் சொன்னதாகச் சொல்வது, ஃபிட்டிங் கூலியில் கை வைப்பது. முதலாவது அவரை எரிச்சலூட்டும். இரண்டாவது, சைக்கிள் வியாபாரம் சின்ன வட்டம் என்பதால், ஒரு போன் காலில் வெளுத்துவிடும். மூன்றாவது உங்கள் தலையிலேயே விடியும். மெக்கானிக்குக் கூலி குறைந்தால் குறைவது அவர் உங்கள் சைக்கிளுக்குக் கொடுக்கும் நேரம்தான்.

7. சேர்த்திச் சாமான்களில் எதைக் கேட்பது, எதை வேண்டாம் என்பது

கேட்க வேண்டியவை: ஸ்டாண்டு, மட்கார்டு, பெல், பூட்டு, பின்விளக்கு. ரிஃப்ளெக்டர்கள் சைக்கிளோடே வருபவை, அதற்குக் காசு கொடுக்காதீர்கள்.

இலவசம் என்பதற்காக எதையும் மாட்டிவிடாதீர்கள். அலுமினிய ஃப்ரேமில் ஸ்டாண்டு பூட்டத் தனித் தகடு இல்லாதபோது, பின்பக்கக் குழாயை நெருக்கிப் பிடிக்கும் வகை ஸ்டாண்டை இறுக்கினால் குழாய் நசுங்கும். பின்னால் டிஸ்க் பிரேக் உள்ள சைக்கிளில் சாதாரணக் கேரியரும் ஸ்டாண்டும் பிரேக்கில் இடிக்கும். "டிஸ்க் சைக்கிளுக்கு உள்ளது" என்று கேட்டு வாங்க வேண்டும்.

காற்றடிக்கும் பம்பு தந்தால் வால்வைப் பாருங்கள். கார் டியூபில் உள்ளது போன்ற தடித்த வால்வா, மெல்லிய பிரெஸ்டா வால்வா, பழைய சைக்கிள் வால்வா என்று பார்த்து அதற்குப் பொருந்தும் பம்பாகக் கேளுங்கள். பிரெஸ்டா என்றால் பெட்ரோல் பங்கில் காற்றுப் பிடிக்க ஒரு சின்ன அடாப்டரும் வேண்டும். சில பத்து ரூபாய்ப் பொருள்தான், கேட்டால் சும்மாவே தருவார்கள்.

இலவச ஹெல்மெட் வேண்டாம். தலைக்கு அளவு பார்த்து, தரமானதாகக் காசு கொடுத்தே வாங்குங்கள். அதற்குப் பதிலாக நல்ல பூட்டு கேளுங்கள்.

விலையைக் குறைக்க இன்னொரு வழி, தேவையில்லாத வசதியை விடுவது. 15,000 ரூபாய்க்குள் உள்ள சைக்கிளில் முன் ஷாக் அப்சார்பர் ஒரு கிலோவுக்கு மேல் கனத்தைக் கூட்டுமே தவிர, தார் சாலையில் பெரிய பயன் இல்லை. அந்த விலையில் வரும் மலிவான டிஸ்க் பிரேக்கைவிட, நன்றாகச் சரிசெய்த வி-பிரேக் (ரிம்மை இரண்டு பக்கமும் கட்டையால் பிடிக்கும் வகை) பராமரிக்க எளிது. உள்ளூர் மெக்கானிக் யாரும் சரிசெய்துவிடுவார். 21 கியர் என்பதும் 3 முன்பல்லை 7 பின்பல்லால் பெருக்கிய கணக்குதான். அதில் பல ஒன்றுக்கொன்று ஏறக்குறைய சமம். சமதள ஊரில் 7 கியரே போதும்.

8. முன்பணமும் துண்டுச் சீட்டும்

விலை முடிந்ததும் முழுத் தொகையையும் கொடுத்துவிடாதீர்கள். 1,000 அல்லது 2,000 முன்பணம், மிச்சம் ஃபிட்டிங் பார்த்த பிறகு. முழுப்பணமும் கல்லாவுக்குள் போய்விட்டால், "பிரேக் உரசுதே" என்று சொல்லும்போது "ஓட்ட ஓட்டச் சரியாயிடும்" என்ற பதில்தான் வரும்.

முன்பண ரசீதின் பின்னால் ஐந்து வரி எழுதி வாங்குங்கள்: மாடலும் நிறமும், ஃப்ரேம் அளவு, மொத்தத் தொகை, சேர்த்திச் சாமான்கள், எத்தனை இலவச சர்வீஸ். பேசியவர் முதலாளியாக இருப்பார், எடுக்கப் போகும் நாளில் கடையில் வேறு ஆள் இருப்பார். ஏமாற்றும் எண்ணம் யாருக்கும் இல்லாதபோதும் சண்டை வருவது இங்கேதான்.

எப்படிப் பணம் கட்டப் போகிறீர்கள் என்பதையும் இப்போதே சொல்லிவிடுங்கள். கார்டு என்றால் 2 சதவீதம் கூடும் என்று கடைசி நேரத்தில் சில கடைகளில் சொல்வார்கள். 18,000க்கு அது 360 ரூபாய். யுபிஐ என்றால் இந்தப் பேச்சே வராது.

9. எடுக்கும் முன் ஃபிட்டிங் சோதனை

அரைமணி ஒதுக்குங்கள். மெக்கானிக் பக்கத்தில் இருக்கும்போதே பாருங்கள். குறை கண்டால் குற்றம் சொல்லும் குரலில் வேண்டாம். "அண்ணே, இதைக் கொஞ்சம் பாருங்களேன்" என்றால் அவரே ஸ்பேனரோடு வருவார்.

முதலில் முன் ஃபோர்க், அதாவது முன்சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்திருக்கும் கவை. இது திரும்பிப் பூட்டப்பட்டிருப்பது நம் ஊர் சாலைகளில் அடிக்கடி கண்ணில் படும் தவறு. சைக்கிளில் உட்கார்ந்த நிலையில், முன் டிஸ்க் பிரேக்கின் கேலிப்பர் (தட்டைக் கவ்விப் பிடிக்கும் பாகம்) உங்கள் இடது பக்கம் இருக்க வேண்டும். வலது பக்கம் இருந்தால் ஃபோர்க் பின்னோக்கித் திரும்பியிருக்கிறது. வி-பிரேக் என்றால் அது ஃபோர்க்குக்கு முன்பக்கம் தெரிய வேண்டும். திரும்பிய ஃபோர்க்கோடு ஓட்டினால் ஹேண்டில் நிலைகொள்ளாமல் அலையும், வளைவில் செருப்பு முனை சக்கரத்தில் இடிக்கும்.

பெடல்: இடது பெடலின் மரை எதிர்த்திசை. இரண்டிலும் எல், ஆர் என்று பொறித்திருக்கும். கோணலாக ஏற்றி முடுக்கினால் கிராங்கின் (பெடல் மாட்டியிருக்கும் கை) மரையே பிய்ந்துபோகும். பெடல் கிராங்கோடு இடைவெளியின்றிப் படிந்திருக்கிறதா என்று பாருங்கள். கோணலாக நின்றால் அதை எடுக்காதீர்கள்.

சக்கரக் கோட்டம்: சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றிவிட்டு, ரிம்முக்கும் பிரேக் கட்டைக்கும் நடுவில் உள்ள இடைவெளியைக் கவனியுங்கள். டிஸ்க் என்றால் ஃபோர்க்கில் விரலை ஊன்றி, நகத்தை ரிம்முக்கு ஒட்டினாற்போல் வையுங்கள். இடைவெளி ஒரு மில்லிமீட்டருக்கு மேல் கூடிக் குறைந்தால் கோட்டம் எடுக்கச் சொல்லுங்கள். போக்ஸ் கம்பிகளை இரண்டிரண்டாகச் சேர்த்து அழுத்திப் பாருங்கள். ஒன்று மட்டும் தொளதொளவென்று இருந்தால் அந்தச் சக்கரம் சீக்கிரமே கோணும்.

ஹேண்டில் ஆட்டம்: முன் பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். ஹேண்டிலுக்குக் கீழே "டொக் டொக்" என்று தட்டினால் ஹெட்செட் (ஹேண்டில் திரும்ப உதவும் பால்ரஸ் தொகுதி) தளர்வு. அப்படியே ஓட்டினால் பால்ரஸ் ஓடும் கிண்ணத்தில் குழி விழும், பிறகு முழு செட்டும் மாற்ற வேண்டும்.

கிராங்க்: இரண்டு கிராங்கையும் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். அசைவே இருக்கக் கூடாது. சதுர அச்சில் ஏற்றும் கிராங்கில் போல்ட் போதுமான அளவு இறுகாமல் ஓட்டினால், சதுரத் துளை உருண்டையாகிவிடும். அதன் பிறகு எவ்வளவு முடுக்கினாலும் நிற்காது, கிராங்கையே மாற்ற வேண்டும். புதுச் சைக்கிளில் முதல் 50, 100 கிலோமீட்டருக்குள் இடது கிராங்க் தளர்வது சகஜம். அதனால் ஒரு வாரம் கழித்து அந்த போல்ட்டை இன்னொரு முறை இறுக்கித் தரும்படி இப்போதே சொல்லி வையுங்கள்.

கியர்: பின்சக்கரத்தைத் தூக்கிப் பெடலைச் சுற்றியபடி எல்லாக் கியரும் ஒவ்வொன்றாக மாறுகிறதா என்று பாருங்கள். கடைசியில் மிகப் பெரிய பல்லில் செயினை ஏற்றி, சுற்றுவதை நிறுத்தி, டெரெய்லரை (செயினைப் பல்லுக்குப் பல் மாற்றும் பின்பக்கக் கருவி) விரலால் சக்கரத்தின் பக்கம் தள்ளிப் பாருங்கள். போக்ஸ் கம்பியைத் தொடவே கூடாது. தொட்டால் எல் என்று போட்ட சின்ன ஸ்க்ரூவைச் சரிசெய்யச் சொல்லுங்கள். இதை விட்டால் ஒரு நாள் மேட்டில் ஏறும்போது செயின் பல்லைத் தாண்டிக் கம்பிக்குள் விழும். டெரெய்லர், அது தொங்கும் தகடு, சில கம்பிகள் எல்லாம் ஒரே நொடியில் போகும்.

மற்றவை விரைவில் முடிந்துவிடும். பிரேக் கைப்பிடி முழுக்க அழுத்தியும் ஹேண்டிலைத் தொடக் கூடாது. சீட் கம்பியில், குறைந்தபட்சம் உள்ளே இருக்க வேண்டிய அளவைக் காட்டப் போட்டிருக்கும் கோடு வெளியே தெரியக் கூடாது. காற்று, டயர் ஓரத்தில் அச்சிட்ட அளவுக்குள் இருக்க வேண்டும். பிறகு தெருமுனை வரை ஓட்டிவிட்டு வாருங்கள். எல்லாம் சரி என்றால் மிச்சப் பணம்.

10. பில்

"பில் வேண்டாம்னா இன்னும் குறைச்சுக்கலாம்" என்று சொன்னால் கணக்குப் போடுங்கள். 18,500 ரூபாயில் 5 சதவீத வரி 881 ரூபாய்தான். அதற்கு மேல் வரியில் மிச்சமே கிடையாது. அந்தத் தொகையும் முழுதாக உங்களுக்கு வராது. பில் இல்லாவிட்டால் ஃப்ரேம் வாரண்டி கேட்க முடியாது. சைக்கிள் திருட்டுப் போனால் ஸ்டேஷனில் முதலில் கேட்பதும் அதுதான்.

பில்லில் ஃப்ரேம் எண் இருக்க வேண்டும். பெரும்பாலான சைக்கிள்களில் பெடல் அச்சு போகும் குழாயின் அடியில் பொறித்திருக்கும். சைக்கிளைக் கவிழ்த்துப் பார்த்து, பில்லில் உள்ளதோடு ஒப்பிட்டு, இரண்டையும் சேர்த்துப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். காம்போசிஷன் முறையில் (மொத்த விற்பனையில் ஒரு சிறு சதவீதமாக) வரி கட்டும் சின்னக் கடைகள் உங்களிடம் தனியாக ஜிஎஸ்டி வசூலிக்கக் கூடாது. அவர்கள் தரும் பில்லில் வரிக் கட்டம் இல்லாதது தவறு அல்ல. எம்ஆர்பி என்பது எல்லா வரியும் சேர்ந்தது. அதற்கு மேல் வரி என்று சொல்லிக் கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை. பேசித் தீராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

11. முதல் சர்வீஸும், பிறகு வரும் ரிப்பேர் பேரமும்

முதல் சர்வீஸை ஒரு மாதத்தில், அல்லது 100 முதல் 150 கிலோமீட்டரில் செய்துவிடுங்கள். புதுக் கேபிள்கள் இழுபட்டுக் கியர் தள்ளிப்போவதும், போக்ஸ் கம்பிகள் படிந்து தளர்வதும் இந்த நாட்களில்தான். "சும்மா காற்றடிச்சு எண்ணெய் விட்டா போதும்" என்று அனுப்பப் பார்த்தால், சீட்டில் எழுதியதைக் காட்டி, கோட்டம், கியர், பிரேக், கிராங்க் போல்ட் நாலையும் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

ரிப்பேருக்கு விடும்போது வேலையைத் தொடங்கும் முன்பே தொகையைக் கேளுங்கள். "இதுக்கு மேல ஏதாவது மாத்தணும்னா ஒரு போன் பண்ணிட்டு மாத்துங்கண்ணே" என்று சொல்லிவிட்டு வாருங்கள். மாற்றிய பழைய பாகத்தைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அதிகமாகப் பேச்சு வருவது செயினில். மாற்ற வேண்டுமா இல்லையா என்பதை ஒரு ஸ்கேலே சொல்லிவிடும். செயினை இழுத்து நீட்டிப் பிடித்து, ஒரு ஊசியின் நடுவிலிருந்து, அதை ஒன்று என்று எண்ணி, 25ஆவது ஊசியின் நடு வரை அளவெடுங்கள். புதுச் செயினில் இது சரியாக 12 அங்குலம், அதாவது 304.8 மி.மீ. அளவு 306 மி.மீ.யைத் தாண்டினால் செயினை மட்டும் மாற்றினால் போதும். 308ஐ எட்டும்வரை விட்டுவிட்டால் தேய்ந்த செயின் பின்பல்லையும் தின்றிருக்கும். அப்போது "ஃப்ரீவீலும் (பின்பல் தொகுதி) சேர்த்து மாத்தணும்" என்று மெக்கானிக் சொன்னால் அவர் சொல்வது சரி, அதில் பேரம் பேச ஒன்றுமில்லை.